இடத்தைப் பிடித்து வையுங்கள்: உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உயர்கல்வித் துறைச் செயலர், தமிழ்நாடு அரசு; தொழில்நுட்பக் கல்வித் துறை, கிண்டி; கல்லூரிக் கல்வித் துறை; சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பதிவாளர்கள்.

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறோம். பெருந்தொற்றால் கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும் ஆண்டில், சீட் கிடைத்த ஒரு பிள்ளை “இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷம் வருகிறேன்” என்று எழுதிக் கொடுத்தால், அந்த சீட்டை ஓராண்டுக்குப் பிடித்து வைக்கும் விதி ஒன்று வேண்டும். எழுத்தில், அரசாணையாக, அடுத்த தொற்று வருமுன். நாங்கள் சென்னையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் உதவி மேசைகளில் உட்காரும் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள். 2020, 2021 ஆகிய இரண்டு சேர்க்கை ஆண்டுகளின் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம்.

இப்படி ஒரு விதி உலகத்தில் இல்லாததல்ல. 2020இல் அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் மார்ச் மாதமே வழக்கமான விசா வேலையை நிறுத்திவிட்டது. ஜூலையில், வகுப்பு முழுக்க இணையவழி என்றால் புதிதாகச் சேரும் மாணவர் நாட்டுக்குள் வர வேண்டாம் என்று அந்த நாடு சொல்லிவிட்டது. அங்கே படிக்கப் போகவிருந்த சென்னைப் பிள்ளைகள் பலர் என்ன செய்தார்கள்? பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார்கள். கட்டிய முன்பணம் அப்படியே இருக்க, மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தில் தொடக்கத் தேதியை மாற்றி வாங்கிக்கொண்டார்கள். இடையில் வேறு எங்கும் பட்டப்படிப்பில் சேரக் கூடாது என்பது போல ஒன்றிரண்டு நிபந்தனை, அவ்வளவுதான். அதே தெருவில், மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலோ கிண்டியில் பி.இ.யோ கிடைத்த பிள்ளைக்கு அந்த மின்னஞ்சலை அனுப்ப ஒரு முகவரிகூடக் கிடையாது. சேர், இல்லாவிட்டால் விடு. விட்டால் அடுத்த ஆண்டு வரிசையின் கடைசியில் போய் நில்.

வரிசையின் கடைசி என்றால் என்ன என்பதை 2021 நன்றாகவே காட்டியது. பொறியியல் கட்-ஆஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. 2020இல் பிளஸ் டூ முடித்தவர்கள் ஊரடங்குக்கு முன்பே தேர்வு அறையில் உட்கார்ந்து எழுதியவர்கள். கடைசி நாள் தேர்வைப் பதற்றத்தில் தவறவிட்டவர்களுக்கு மட்டும் ஜூலை 27இல் மறுதேர்வு நடந்தது. 2021இல் தேர்வே இல்லை. ஜூன் 5இல் ரத்து அறிவிப்பு வந்தது, ஜூலை 19இல் மதிப்பெண் வந்தது. அந்த மதிப்பெண் பத்தாம் வகுப்பில் பாதி, பிளஸ் ஒன்னில் 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டில் 30 சதவீதம் என்று கூட்டியது. இதில் பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் எடுத்துக்கொண்டது அந்தந்தப் பாடத்தின் மதிப்பெண் அல்ல, அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரி. ஆகவே சமூக அறிவியலிலும் தமிழிலும் வாங்கிய மதிப்பெண் கணிதக் கட்-ஆஃபுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் முதல் மூன்று பாடங்களின் சராசரி 94 என்றால், பாதி 47. பிளஸ் ஒன் கணிதத் தேர்வில் 65 சதவீதம் என்றால் 13. அகமதிப்பீட்டை எந்தப் பள்ளியும் குறைத்துப் போடாது, 30க்கு 30. மொத்தம் 90. இதே பிள்ளை ஓராண்டு முன்னால் பிறந்து, 2020 மார்ச்சில் கணிதத் தேர்வை எழுதியிருந்தால் 70ஐத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியிருக்கும். 2021 பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் 2020இல் காத்திருப்போம் என்று முடிவெடுத்த பிள்ளை, எழுதி வாங்கிய மதிப்பெண்ணோடு, கூட்டிக் கொடுத்த மதிப்பெண்ணின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு மதிப்பெண்கள் தசமத்திலும் வந்தன. முழு எண்ணில் 174 வைத்திருந்தவர், 174க்கும் 175க்கும் நடுவே புதிதாக முளைத்த தசமக் கூட்டத்துக்குப் பின்னால் போனார். எல்லாம் சமமாகிப்போனால் பிறந்த தேதியில் மூத்தவருக்கு முன்னுரிமை என்று ஒரு விதி இருக்கிறது. காத்திருந்தவருக்கு வரிசையில் கிடைத்த சலுகை அது ஒன்றுதான்.

இப்படி நடக்கும் என்று 2020 ஆகஸ்டில் யாரால் சொல்லியிருக்க முடியும்? ஒருவராலும் முடியாது. பெருந்தொற்றில் காத்திருப்பதா வேண்டாமா என்ற முடிவு கடினமாக இருப்பதே இதனால்தான். அடுத்த ஆண்டு தேர்வு நடக்குமா, மதிப்பெண் எப்படி வரும், எத்தனை பேர் போட்டிக்கு வருவார்கள் என்று எதுவும் தெரியாத நிலையில், பதினேழு வயதுப் பிள்ளையும் வேலை போன அப்பாவும் உட்கார்ந்து அதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையில் ஒரு பகுதியை, அதாவது சீட் என்னாகும் என்ற பகுதியை மட்டும், அரசு தன் தோளில் வாங்கிக்கொள்ளலாம். அதைத்தான் கேட்கிறோம்.

சேர்ந்தவர்கள் மட்டும் என்ன கண்டார்கள்? பொறியியல் முதலாண்டு வகுப்பு 2020 நவம்பர் கடைசியில் இணையத்தில் தொடங்கியது. டிசம்பரில் கல்லூரி திறந்தபோது இறுதியாண்டு மாணவர்களுக்கே முதல் இடம். முதலாண்டு மாணவர்கள் வளாகத்துக்குள் வர 2021 பிப்ரவரி ஆயிற்று. மார்ச் மூன்றாம் வாரம் கடந்ததும் மறுபடி பூட்டு. அதிகபட்சம் ஆறேழு வாரம். செப்டம்பர் 1இல் கல்லூரிகள் மீண்டும் திறந்தபோது அவர்கள் இரண்டாமாண்டு வாசலில் நின்றார்கள். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸை ஆறு அங்குலக் கைபேசித் திரையில் பார்த்து, சாப்பாட்டு மேசையில் டிராயிங் போர்டை வைத்து வரைந்த தொகுதி அது. ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங், வெல்டிங் எல்லாம் காணொளியில் முடிந்தது.

டேட்டா கணக்கும் இருக்கிறது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவசமாக அரசு கொடுத்தது, நல்ல காரியம். ஆனால் கேமரா ஓடும் வகுப்பு மணிக்கு அரை முதல் ஒரு ஜிபி வரை குடிக்கும். நாளுக்கு ஐந்து வகுப்பு என்றால் மதியத்துக்குள் கார்டு காலி. கேமராவை அணைத்துவிட்டால் சமாளிக்கலாம். ஆனால் கேமராவை அணைத்தால் வருகைப்பதிவு இல்லை என்று வைத்திருந்த கல்லூரிகளும் உண்டு. தம்பிக்கு ஒன்பதாம் வகுப்பு, அக்காவுக்கு முதலாண்டு, வீட்டில் ஒரே போன் என்றால் டேட்டா எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது.

தேர்வும் அப்படித்தான். 2021 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் கேமரா கண்காணிப்போடு நடத்திய இணையவழித் தேர்வில் தேறாதவர்களும், முடிவு நிறுத்திவைக்கப்பட்டவர்களும் ஏராளம். பிறகு அரசே தலையிட்டு மறுதேர்வுக்கு வழி செய்தது. சிக்னல் போனதையும் முகம் திரும்பியதையும் மென்பொருள் ஒரே கண்ணால் பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

விடுதியும் பாதுகாப்பென்று சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் சில நாளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்து வளாகமே மூடப்பட்டது. வீட்டிலிருந்து போய்வருபவருக்கு வேறு தொல்லை. மாநகரப் பேருந்து 2020 செப்டம்பர் 1இல் ஓடத் தொடங்கியது. புறநகர் ரயிலோ அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு, நவம்பரில் பெண்களுக்கு, டிசம்பர் 23இல்தான் மற்றவர்களுக்கு, அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில். கும்மிடிப்பூண்டியிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ ரயிலை நம்பி வரும் பையனுக்குக் கல்லூரி திறந்தும் திறக்காத மாதிரிதான்.

ஆக, காத்திருந்தவருக்கு ஒரு நிஜமான லாபம் இருந்தது. 2021 பிற்பகுதியில் சேர்ந்தவர்கள், 2022 ஜனவரி இடைவெளி போக, முதலாண்டின் பெரும்பகுதியை வகுப்பறையிலும் லேபிலும் கழித்தார்கள். அந்த லாபத்துக்கு அவர்கள் கொடுத்த விலை தரவரிசை. விலையை நீக்கிவிட்டால் காத்திருப்பது எல்லோருக்கும் நல்லதாகிவிடுமா? இல்லை. இதில் எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் சேர்ந்துவிடுவதே நல்லது.

காரணம் இதுதான். “கேப் இயர்” என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் மொழி கற்பது, மலையேறுவது, தொண்டு செய்வது. வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் ஓராண்டு சும்மா இருப்பது என்று ஒன்று கிடையாது. பையன் முதுகில் உணவு டெலிவரிப் பை ஏறும், அல்லது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக வேன் ஏறுவான். மாதம் வீட்டுக்கு ஒரு தொகை வரத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்திவிட்டுப் படிக்கப் போ என்று சொல்ல எந்த வீட்டுக்கும் வாய் வராது. பெண் பிள்ளை என்றால் வரன் பார்க்கும் பேச்சு தையில் தொடங்கிவிடும். சீட் கையில் இல்லாத ஓராண்டு இடைவெளி, நம் வீடுகளில் படிப்பை நிறுத்தியதற்கு வைத்த இன்னொரு பெயர். பிடித்து வைத்த சீட் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். கல்லூரியின் பெயரோடு ஒரு கடிதம் பீரோவில் இருந்தால் “ஜூலையில் காலேஜ்” என்று சொல்லித் தள்ளிப்போட ஒரு பிடி கிடைக்கும்.

எனவே, வீட்டில் ஒரு சாதனமும் ஓரளவு சிக்னலும் இருந்து, படிப்பு லேபை நம்பாத பி.காம்., பி.ஏ. போன்றதாக இருந்தால், சேர்ந்துவிடச் சொல்லுங்கள். நீட் மறுபடி எழுதுவதற்காகவே காத்திருப்பவர்கள் தனி வகை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மறுமுறை எழுதுவோருக்கும் உண்டு என்பதால் அவர்கள் கணக்கு வேறு, அதில் நாங்கள் குறுக்கிடவில்லை. காத்திருப்பது நியாயம் என்று நாங்கள் நினைப்பது மூன்று இடங்களில். வீட்டில் சம்பாதிப்பவர் இறந்தோ நோயில் விழுந்தோ வருமானம் அறுந்த வீடு. பிள்ளையே நோயிலிருந்து எழுந்துகொண்டிருக்கும் வீடு. கைக்கு ஒரு சாதனம் கிடைக்காமல், முதல் செமஸ்டர் முழுக்க அரியராகப் போகும் என்று இப்போதே தெரிகிற வீடு. மூன்றும் பெரும்பாலும் ஒரே வீடாக இருப்பதைத்தான் உதவி மேசையில் பார்க்கிறோம்.

இன்னொரு விஷயம், இதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. எல்லா சீட்டும் இழந்தால் திரும்பாத சீட் அல்ல. 2020 கலந்தாய்வு முடிந்தபோது பொறியியலில் பெரும் பகுதி இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. உங்களுக்குக் கிடைத்த கல்லூரியும் பாடப்பிரிவும் கடைசிச் சுற்று வரை காலியாக இருந்த இடம் என்றால், அடுத்த ஆண்டும் அது கிடைக்கும்; ஒத்திவைப்பு விதி இல்லாவிட்டாலும் நஷ்டம் சிறிது. முதல் சுற்றிலேயே மூடிவிடும் கிண்டிப் பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., அரசுக் கலைக் கல்லூரிகளில் தேவை அதிகமுள்ள பாடங்கள் ஆகியவற்றில்தான் ஓராண்டு தவறினால் அந்த இடம் திரும்ப வராது. அதிகாரிகளுக்கும் இது நல்ல செய்தி. நீங்கள் பிடித்து வைக்க வேண்டியது எல்லாக் கல்லூரியிலும் அல்ல, விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில்தான்.

சரி, விதியே இல்லை என்கிறோமே, உள்ள விதிகளில் ஏதாவது உதவுமா என்று கேட்பீர்கள். இரண்டு இருக்கின்றன, இரண்டும் பாதிக் கிணறு.

முதலாவது, கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணம். அதிலும் 5 சதவீதம், உச்சமாக 5,000 ரூபாய் வரை பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்து 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எழுத்தில் விண்ணப்பித்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தொற்றுக் காலத்துக்கு இதைத் தளர்த்தினார்கள்: 2020இல் நவம்பர் 30 வரை விலகினால் முழுப் பணம், டிசம்பர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. 2021இல் அதே சலுகை அக்டோபர் 31, டிசம்பர் 31 என்ற தேதிகளோடு வந்தது.

நல்ல விதிதான். நடைமுறையில் எங்கே சறுக்குகிறது என்றால், பெற்றோர் வாயால் கேட்கிறார்கள். அலுவலகம் “பிரின்சிபால் வரட்டும்” என்கிறது. டிசம்பர் 31 கடந்துவிடுகிறது. விலகல் கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், கூடவே கல்லூரியின் அதிகாரபூர்வ முகவரிக்கு மின்னஞ்சல். கட்டண ரசீது, மாணவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு எண், அலாட்மெண்ட் ஆர்டர் நகல் மூன்றையும் இணைக்க வேண்டும். டிசியைக் கல்லூரி வாங்கி வைத்திருந்தால் பணத்தைக் கேட்கும் கடிதத்திலேயே அதையும் கேட்க வேண்டும். டிசி இல்லாமல் அடுத்த ஆண்டு எந்தக் கல்லூரியும் சேர்க்காது. நான்கு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் டிசி என்று மிரட்டும் இடங்கள் உண்டு. சான்றிதழ் என்பது அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வரியைக் கடிதத்தில் எழுதினாலே பாதி மிரட்டல் இறங்கிவிடும். ஆனால் இத்தனையும் செய்தால் திரும்புவது பணமும் காகிதமும். சீட் திரும்புவதில்லை.

இரண்டாவது, பிரேக் ஆஃப் ஸ்டடி. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில், தகுந்த காரணம் காட்டி முன்கூட்டியே விண்ணப்பித்தால் படிப்பு முழுவதற்கும் ஒருமுறை, அதிகபட்சம் ஓராண்டு, அனுமதியோடு இடைவெளி எடுக்கலாம். அந்த இடைவெளியால் முதல் வகுப்புத் தகுதி போகாது. ஆனால் பட்டம் முடிக்க வேண்டிய உச்சவரம்புக்குள் அதுவும் அடங்கும். ஆக, படிக்கத் தொடங்கியவருக்கு இடத்தைப் பிடித்து வைக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தொடங்காதவருக்குத்தான் வழியில்லை. விவரம் தெரிந்த வீடுகள் என்ன செய்யலாம் என்றால், சேர்ந்து, பணம் கட்டி, பெயரைப் பதிவு செய்துகொண்டு, பிறகு இடைவெளிக்கு விண்ணப்பிக்கலாம். காத்திருக்கும் உரிமையை வாங்க முதலில் ஓராண்டுக் கட்டணம் கட்ட வேண்டும்! வருமானம் அறுந்த வீட்டுக்கு இந்தக் கதவு பூட்டியதுதான்.

அந்தக் கதவுக்கு உள்ளேயும் ஒரு படி தடுக்கும். திரும்பி வரும்போது அப்போது நடப்பிலிருக்கும் விதிமுறைதான் பொருந்தும். 2020இல் சேர்ந்தவர் 2017 விதிமுறையில் சேர்ந்தார். 2021இல் முதலாண்டுக்குத் திரும்பினால் 2021 விதிமுறை. அதற்கு அடுத்த ஆண்டே தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்ற இரண்டு பாடங்கள் முதலாண்டில் சேர்ந்தன. பாடங்கள் நல்லவையே. ஆனால் விதிமுறை மாறும் ஆண்டில் இடைவெளி எடுத்தவர் எந்தப் பாடத்தை விட்டோம், எதைக் கூடுதலாக எழுத வேண்டும் என்பதைத் திரும்பும் நாளிலேயே எழுத்தில் வாங்காவிட்டால், எட்டாவது செமஸ்டரில் ஒரு கிரெடிட் குறைகிறது என்று பட்டம் நிற்கும்.

வங்கிக் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் அனுமதியானாலும் முதல் தவணையைக் கல்லூரிக்கு விடுவிக்க வேண்டாம் என்று கிளையில் எழுதிக் கொடுங்கள். பணம் போன நாளிலிருந்து வட்டி ஓடும். படிப்பு நின்றாலும் வட்டி நிற்காது.

இனி நாங்கள் கேட்கும் விதி. எப்போது பொருந்தும் என்பதை அன்றன்றைய சுற்றறிக்கைக்கு விட்டுவிட வேண்டாம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் கீழ் வந்த ஆணையால், முதலாண்டு வகுப்பு தொடங்கும் நாளில் கல்லூரி வளாகம் மூடியிருந்தால், விதி தானாக நடப்புக்கு வர வேண்டும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்விலும் அரசு, அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கையிலும் ஒதுக்கீட்டு ஆணை பெற்ற எவரும் விண்ணப்பிக்கலாம். வகுப்பு தொடங்கி 30 நாள் வரை கெடு கொடுங்கள். இணைய வகுப்பு சரிப்பட்டு வருமா என்பது முதல் மாதத்தில்தான் தெரியும். காரணத்துக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள், தன்னுறுதி மொழி போதும். தொற்று நேரத்தில் ஒரு சான்றிதழுக்காக மருத்துவமனை வரிசையில் நிறுத்துவது விதியின் நோக்கத்தையே கெடுக்கும்.

பிடித்து வைக்கக் கட்டணம் 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தொற்று ஆண்டுகளில் மானியக் குழு அனுமதித்த பிடித்தமும் அதுதான். அந்தத் தொகை சேரும்போது கட்டணத்தில் கழிய வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

இடம் எங்கிருந்து வரும் என்பதுதான் கல்லூரி முதல்வர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி. இந்த ஆண்டு காலியாகும் இடம் அடுத்த சுற்றில் வேறொருவருக்குப் போகட்டும். அடுத்த ஆண்டு திரும்பி வருபவரை அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேலாக, சூப்பர்நியூமரரி இடமாகச் சேருங்கள். இது புதிதல்ல, கட்டண விலக்குத் திட்டத்தின் 5 சதவீதமும், ஜம்மு காஷ்மீர் மாணவர்களுக்கான திட்டமும் தொழில்நுட்பக் கல்விக்கான ஒன்றிய அமைப்பான ஏஐசிடிஇயின் அனுமதியோடு அப்படித்தான் நடக்கின்றன. அதே 5 சதவீதத்தை இங்கும் வரம்பாக வையுங்கள். 60 பேர் பிரிவில் மூவர். லேபில் 30 பேர் பேட்ச் ஒன்றில் ஒருவர், இன்னொன்றில் இருவர் கூடுவார்கள். அதைத் தாங்காத லேப் எதையும் நாங்கள் பார்த்ததில்லை. மூவருக்கு மேல் விண்ணப்பம் வந்தால், வருமானம் இழந்த வீட்டுக்கு முன்னுரிமை. அதற்கு மேல் குலுக்கல். ஒன்றிய அமைப்புகளின் அனுமதி தேவைப்படும் இடத்தில் அந்தக் கடிதத்தை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். தொற்று வந்த பிறகு எழுதினால் பதில் வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும்.

திரும்பி வருவதை ஏப்ரல் 30க்குள் மாணவர் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உரிமை போய்விடும். இதில் கறாராக இருங்கள். அந்த எண்ணிக்கை தெரிந்தால்தான் கல்லூரி அடுத்த ஆண்டு வகுப்பைத் திட்டமிட முடியும். இரண்டு குறுஞ்செய்தி, ஒரு போன் அழைப்பு, பிறகுதான் நீக்கம் என்று வையுங்கள். போன் எண் மாறும் வீடுகள் அதிகம், எனவே படித்த பள்ளியின் தலைமை ஆசிரியருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

காத்திருக்கும் ஓராண்டில் டிசியும் மதிப்பெண் பட்டியலும் மாணவரிடமே இருக்க வேண்டும், கல்லூரிக்குச் சுயசான்றொப்பமிட்ட நகல் போதும். வேறு முழுநேரப் பட்டப்படிப்பில் சேரக் கூடாது என்று நிபந்தனை போடலாம். நூலக அட்டையும் கல்லூரி மின்னஞ்சலும் முதல் நாளே கொடுங்கள். ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெலில் பாடம் பார்ப்பது இலவசம், தேர்வு எழுதத்தான் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் அளவில் ஆகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தின் தேர்வுக் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்கட்டும். ஒரு பாடம் போதும். அந்த ஓராண்டில் கல்லூரியோடு தொடர்பு அறாமல் இருக்கத்தான் இதைக் கேட்கிறோம்.

சலுகைகள் பற்றி ஆணையில் வெளிப்படையாக எழுதுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, “சேர்க்கை ஒத்திவைப்பால் பாதிக்கப்படாது” என்று ஒரு வரி. எழுதாமல் விட்டால் கவுன்ட்டரில் உட்காரும் எழுத்தர் “தேர்ச்சி ஆண்டு வேறு, சேர்ந்த ஆண்டு வேறு” என்று திருப்பி அனுப்புவார்; அவர் மேல் தப்பில்லை, அவருக்கு ஆணைதான் வேதம். முதல் தலைமுறைச் சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா காத்திருக்கும் ஆண்டில் தம்பி சேர்ந்துவிட்டால் அது யாருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஆண்டுக்கு ஆண்டு காலாவதியாகும். திரும்பும்போது புதியது கேட்பது சரி, பழையதைக் காட்டி மறுப்பது சரியல்ல.

எங்களுக்கே ஒரு பயம் உண்டு. இந்த விதி வந்தால், கட்டணம் கட்டத் திணறும் பிள்ளையைக் கல்லூரியே “நீ அடுத்த வருஷம் வாயேன்” என்று தள்ளிவிடப் பார்க்கும். ஒத்திவைப்புப் படிவத்தைக் கட்டணக் கவுன்ட்டரில் வைக்கவே கூடாது. கல்லூரி அச்சடித்து நீட்டவும் கூடாது. இ-சேவை மையத்திலும் சேர்க்கை இணையதளத்திலும் மட்டும் கிடைக்கட்டும். விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திரும்பப் பெறும் உரிமையும் இருக்கட்டும். ஒரு இரவு கோபத்தில் எடுத்த முடிவை வீடு மறுநாள் மாற்றிக்கொள்ளும்.

படிவம் தமிழில், ஒரே பக்கம். பெயர், விண்ணப்ப எண், ஒதுக்கப்பட்ட கல்லூரியும் பாடப்பிரிவும், தொடர்புக்கு இரண்டு போன் எண்கள், மாணவர் கையெழுத்து. காரணத்துக்கு இரண்டு வரி இடம், நிரப்புவது அவர் விருப்பம். அடியில் கிழித்துக் கொடுக்கும் துண்டு ஒன்று. அதில் அடுத்த ஆண்டு வர வேண்டிய தேதியும், ஏப்ரல் 30 என்ற கெடுவும், இ-சேவை மையத்தின் முத்திரையும் இருக்க வேண்டும். மாதிரிப் படிவம் ஒன்றை இந்த மடலோடு இணைத்திருக்கிறோம். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், மாற்றி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
சென்னைக் கல்லூரிச் சேர்க்கை உதவி மேசைகளின் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள்